கழற்றும்போது உள்ளே கிடைப்பவை

பழைய பொருள் எதைப் பிரித்தாலும் அதற்குச் சொந்தமில்லாத ஏதோ ஒன்று உள்ளே இருக்கும். மடித்த அட்டை, நாணயம், ஊசி, பென்சில் கிறுக்கல், பஞ்சு, செத்த பூச்சி. வேலை அவசரத்தில் அதையெல்லாம் ஊதித் தள்ளிவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுப்பவர்கள்தான் அதிகம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். என்ன கிடைத்தது என்பது பாதிச் செய்தி. எங்கே, எதன் மேல், எதன் அடியில் கிடந்தது என்பது மீதிப் பாதி. கையில் எடுத்ததுமே அந்த மீதிப் பாதி போய்விடும். பிறகு எவ்வளவு யோசித்தாலும் திரும்பக் கிடைக்காது.

அண்மையில் நான் பிரித்த மூன்று பொருள்களை வைத்து இதைச் சொல்கிறேன்: சாவி கொடுக்கும் சுவர்க் கடிகாரம், வால்வு ரேடியோ, மடிப்புக் கேமரா. முதல் இரண்டிலும் உள்ளே கிடந்த வேண்டாத பொருள்தான் பழுது எங்கே என்று காட்டிக்கொடுத்தது.

சுவர்க் கடிகாரம்

வாரம் ஒருமுறை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும், மணியும் அடிக்கும் வகை. ஓடத் தொடங்கிச் சில மணி நேரத்தில் நின்றுவிடுகிறது என்பது உரிமையாளர் சொன்ன குறை.

கதவைத் திறந்ததும் பெட்டியின் அடியில், பெண்டுலத்துக்கு நேர் கீழே, ஒரு சிறிய தகர மூடி இருந்தது. அதில் கருத்துக் காய்ந்துபோன பஞ்சு. முகர்ந்தால் லேசாக மண்ணெண்ணெய் வாடை. பல இடங்களில் இருந்த பழக்கம் இது. மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சைப் பெட்டிக்குள் வைத்தால் அதன் ஆவி மேலே ஏறிச் சக்கரங்களுக்கு எண்ணெய் போட்டுவிடும் என்று நம்பினார்கள். ஆவி எண்ணெயாகாது. கெட்டியான பழைய எண்ணெய் கொஞ்சம் இளகினால் கடிகாரம் சில காலம் ஓடும், அவ்வளவுதான். இளகிய அழுக்கு அச்சுமுனைகளில் உப்புத்தாள்போல் தேய்த்துக்கொண்டே இருக்கும். ஆக, ஒரு திருகைக்கூடக் கழற்றாமலே எனக்கு இரண்டு விஷயம் தெரிந்துவிட்டது. இந்தக் கடிகாரம் முன்பே தடுமாறியிருக்கிறது. அப்போது யாரோ அதைப் பிரிக்காமலே சமாளித்திருக்கிறார். எனவே உள்ளே பிசினான எண்ணெயும் நீள்வட்டமாகத் தேய்ந்த துளைகளும் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அப்படியே இருந்தது.

பெட்டியின் முதுகில் இடது கீழ் மூலையில் பலமுறை மடித்த அட்டை ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. பார்த்தால் குப்பைதான். ஆனால் பெண்டுலக் கடிகாரத்தில் டிக்குக்கும் டாக்குக்கும் இடைவெளி சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் நொண்டினால் விரைவில் நின்றுவிடும். பெண்டுலத்தைத் தள்ளும் கம்பியை மெல்ல வளைத்துச் சரிசெய்வதுதான் முறை. இங்கே கம்பியைத் தொடாமல், அட்டையை வைத்துப் பெட்டியையே சாய்த்திருக்கிறார்கள். அந்த அட்டையை நான் பிய்த்துப் போட்டிருந்தால், உள்ளே எல்லாவற்றையும் சுத்தம் செய்து மாட்டிய பிறகும் கடிகாரம் நின்றிருக்கும். நான் துளைகளையே சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்திருப்பேன்.

மூன்றாவதாகக் கிடைத்தது பெண்டுலக் குண்டின் மேல் விளிம்பில் மெழுகால் ஒட்டிய ஒரு நாணயம். யாரோ ஒளித்து வைத்த காசு என்று உரிமையாளர் நினைத்திருந்தார். அது எடைக்கல். குண்டின் மேல்பக்கம் எடை கூடினால் பெண்டுலத்தின் எடைமையம் இம்மியளவு மேலே ஏறும். ஊசலின் நீளம் குறைந்ததற்குச் சமம். கடிகாரம் கொஞ்சம் வேகமாக ஓடும். லண்டனில் பிக் பென் என்ற பெயரில் எல்லோரும் அறிந்த வெஸ்ட்மின்ஸ்டர் கடிகாரத்திலும் இதே வழக்கம் உண்டு. அதன் பெண்டுலத்தின் மேல் பழைய பென்னி நாணயங்களை அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரு பென்னியைச் சேர்த்தால் நாளுக்கு 0.4 விநாடி வேகம் கூடும். ஆக, நம் கடிகாரத்திலும் நாணயம் இருந்தது தவறில்லை. கேள்வி வேறு: குண்டின் அடியில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு நட்டு இருக்கும்போது நாணயம் எதற்கு? நட்டைத் திருகிப் பார்த்தேன். பாதி வழியில் மரை மழுங்கி இறுகி நின்றது. நட்டு ஏறாததால்தான் நாணயம் ஏறியிருக்கிறது. மரையைப் புதிதாக வெட்டியதும் நாணயத்தின் வேலை முடிந்தது.

இதற்குப் பிறகுதான் பிரித்தேன். சாவிக் கடிகாரத்தைத் தொடுகிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: மெயின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை முழுதாக இறக்காமல் தகடுகளைப் பிரிக்கவே கூடாது. சாவியைக் கையில் உறுதியாகப் பிடித்துக்கொண்டு, ராட்சட்டின் (ஒரு பக்கம் மட்டும் சுழல விடும் பற்சக்கரத்தின்) கொண்டியைத் தூக்கி, சாவி கைக்குள் மெதுவாகத் திரும்ப விட வேண்டும். ஓட்டத்துக்கு ஒரு ஸ்பிரிங், மணிக்கு ஒரு ஸ்பிரிங். இரண்டையும் இறக்க வேண்டும். இறக்காமல் பிரித்தால் சக்கரங்கள் சீறிச் சுழன்று பற்கள் முறியும், விரலும் கிழியும்.

முன்தகட்டைத் தூக்கியதும் பின்தகட்டின் உட்பக்கம் தெரிந்தது. அதில் பல கைகளின் கீறல்கள். ஊசி முனையால் எழுதிய முதலெழுத்துகள், தேதிகள், புரியாத ஒரு எண். பழுதுபார்ப்பவர்கள் தம் வேலையைத் தாமே அடையாளம் காண இப்படிக் குறித்து வைப்பது உலகெங்கும் உள்ள தொழில் வழக்கம். மணிக்கான மெயின் ஸ்பிரிங்கின் வெளிச்சுற்றிலும் ஒரு தேதி. அந்த ஸ்பிரிங் மாற்றப்பட்ட நாள் அது. தகட்டில் உள்ள தேதிகளில் ஒன்றோடு பொருந்தியது. இரண்டு துளைகளைச் சுற்றி மட்டும் வட்டமாகப் புள்ளிகள் குத்தப்பட்டிருந்தன. தேய்ந்து அகன்ற துளையைச் சுருக்க உளியால் சுற்றிலும் அடிக்கும் பழைய குறுக்குவழி அது. உலோகத்தை நசுக்கித் துளைக்குள் தள்ளும். சில காலத்தில் மறுபடி தேயும். அந்த இரண்டையும் ரீமரால் அகலமாக்கிப் பித்தளை புஷ் (சிறு வளையம்) பொருத்தினேன். கீறல்களில் கைவைக்கவில்லை. பாலிஷ் போட்டால் தகடு பளபளக்கும், ஆனால் கடிகாரத்தின் மருத்துவக் குறிப்பு அழிந்துவிடும். எண்ணெய் அச்சுமுனைகளுக்கு மட்டும்; பற்களுக்குப் போட்டால் தூசியைப் பிடித்து வைக்கும். பெண்டுலத்தைத் தள்ளும் கம்பியை வளைத்துச் சரிசெய்ததால் அட்டை இல்லாமலே இப்போது சீராக ஓடுகிறது. பஞ்சு, அட்டை, நாணயம் மூன்றையும் தனித்தனி உறையில் போட்டு, எது எங்கே இருந்தது என்று எழுதி உரிமையாளரிடம் கொடுத்தேன்.

கீறல்கள் எவ்வளவு மதிப்புள்ளவை என்பதற்கு ஆபிரகாம் லிங்கனின் சட்டைப்பை கடிகாரத்தைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது. 1861இல் வாஷிங்டனில் ஜோனதன் டில்லன் என்ற அயர்லாந்துக்காரர் அந்தக் கடிகாரத்தைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தபோது, சம்டர் கோட்டை தாக்கப்பட்ட செய்தி வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் தொடக்கம். டில்லன் யாருக்கும் சொல்லாமல் உள்ளே ஒரு வாசகத்தைக் கீறி மூடிவிட்டார். முதல் குண்டு வெடித்துவிட்டது, அடிமைமுறை செத்தது, முயற்சியாவது செய்யக்கூடிய ஒரு தலைவர் நமக்கு இருக்கிறார் என்ற பொருளில் தாம் எழுதியதாக, 1906இல், தம் 84 வயதில், நியூயார்க் டைம்ஸ் நாளிதழிடம் நினைவுகூர்ந்தார். அவருடைய எள்ளுப்பேரன் கேட்டுக்கொண்டதன் பேரில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் 2009 மார்ச்சில் கடிகாரத்தைத் திறந்தது. வாசகம் இருந்தது. ஆனால் அடிமைமுறை பற்றி ஒரு சொல்லும் இல்லை. கோட்டை தாக்கப்பட்டதும் 'நமக்கு ஓர் அரசாங்கம் இருக்கிறது, கடவுளுக்கு நன்றி' என்பதும்தான் இருந்தன. போட்டிருந்த தேதி ஏப்ரல் 13. தாக்குதல் தொடங்கியது 12ஆம் தேதி. கூடவே, வேறொரு கை எதிர்த்தரப்புத் தலைவர் ஜெஃப் டேவிஸின் பெயரையும் கீறியிருந்தது. டில்லன் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. நாற்பத்தைந்து ஆண்டுகளில் போர் முடிந்து, அடிமைமுறை ஒழிந்து, அவருடைய நினைவும் அதற்கேற்ப வளர்ந்திருக்கிறது. பித்தளையில் கீறியது மட்டும் 1861லேயே நின்றுவிட்டது.

வால்வு ரேடியோ

இதில் முதலில் பாதுகாப்பு. மின்கம்பியைப் பிடுங்கிய பிறகும், மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் ஃபில்டர் கப்பாசிட்டரில் 250, 300 வோல்ட் தங்கியிருக்கும். ஒரு ரெசிஸ்டர் வழியாக அதை வெளியேற்றி, மல்டிமீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே உள்ளே கை விட வேண்டும். உள்ளே கிடக்கும் புதையலைப் பார்க்கும் ஆவலில் இந்தப் படியைத் தாண்டுகிறவர்கள் உண்டு, தாண்டாதீர்கள்.

பின் அட்டையைக் கழற்றியதும் கண்ணில் பட்டது ஃபியூஸ். கண்ணாடிக் குழாயைச் சுற்றி வெள்ளித்தாள் சுற்றியிருந்தது. எரிந்த ஃபியூஸுக்குப் பதிலாகச் செய்த ஏற்பாடு. இதைப் பார்த்ததும் தாளைப் பிய்த்துவிட்டுப் புது ஃபியூஸ் போடத்தான் கை போகும். வெள்ளித்தாள் சொல்லும் செய்தி அதைவிடப் பெரிது: இந்த ரேடியோவில் ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போயிருக்கிறது, காரணம் கண்டுபிடிக்கப்படவில்லை, அதற்குப் பிறகும் ரேடியோ ஓடியிருக்கிறது. எங்கோ மின்சாரம் அளவுக்கு மேல் போயிருக்கிறது; அங்கே சூடேறியிருக்கும். டிரான்ஸ்பார்மரின் மேல் உருகி வழிந்து உறைந்த மெழுகைத் தேடினேன். இருந்தது, ஆனால் சுற்றுகளின் மின்தடை சரியாகவே இருந்தது. பிழைத்துக்கொண்டது.

உதிரிகள் பொருத்தியிருக்கும் உலோகத் தட்டான சேஸியைக் கவிழ்த்ததும் ஒரு புதிர். மெழுகுத்தாள் கப்பாசிட்டர்கள் எல்லாமே பழைய முகத்தோடு, பழைய எழுத்துகளோடு இருந்தன. அந்த வகைத் தாள் கப்பாசிட்டர்கள் இவ்வளவு காலத்தில் மின்சாரம் கசியாமல் இருப்பது அரிது. ஒரு முனையைக் கழற்றி அளந்தால் துளிக் கசிவும் இல்லை. ஒன்றின் ஓரத்து மெழுகை லேசாகச் சூடாக்கித் திறந்தேன். கூட்டுக்குள் புதிய மஞ்சள் நிற பாலியெஸ்டர் கப்பாசிட்டர். அதைச் சுற்றி ஒரு காகிதத் துண்டு, அதில் மதிப்பும் வோல்டேஜும் தேதியும் பென்சிலில். யாரோ ஒருவர் ஒவ்வொரு கூட்டையும் குடைந்து, உள்ளே புதியதை வைத்து, மெழுகால் மூடி, வெளித்தோற்றம் கொஞ்சமும் மாறாமல் காப்பாற்றியிருக்கிறார். பழைய ரேடியோவை நேசிப்பவர்கள் செய்கிற வேலை இது. அந்தக் காகிதத் துண்டு இருக்கிறதே, அதுதான் என்னைத் தொட்டது. கூட்டின் மேலுள்ள எழுத்து இனி உண்மையில்லை என்பதை, திறக்கப்போகும் அடுத்த ஆளுக்கு அவர் சொல்லி வைத்திருக்கிறார்.

அவர் ஃபில்டர் கப்பாசிட்டரை மட்டும் அன்று மாற்றவில்லை. அப்போது அது நன்றாக இருந்திருக்கலாம். பிறகு அது கசியத் தொடங்கி, ஃபியூஸை எரித்து, வேறொருவர் வெள்ளித்தாளைச் சுற்றும்படி ஆகியிருக்கிறது. கைவேலைகளை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே ஆளாக இருக்க வழியில்லை. கப்பாசிட்டரை மாற்றி, சரியான மதிப்புள்ள ஃபியூஸ் போட்டு, முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது தொடரில் ஒரு குண்டு பல்பை இணைத்தேன். பல்பு பளிச்சென்று எரிந்து அப்படியே நின்றால் உள்ளே இன்னும் கோளாறு இருக்கிறது. எரிந்து மங்கியது. வால்வுகள் சூடானதும் ரேடியோ பேசியது.

கூட்டுக்குள் இன்னொன்றை வைப்பது ஏமாற்று வேலையாகவும் நடக்கிறது. பெரிய அலுமினிய டப்பாவுக்குள் சிறிய கப்பாசிட்டரை வைத்து, வெளியே பெரிய மதிப்பை அச்சிட்டு விற்கும் போலிகள் பல முறை அம்பலமாகியிருக்கின்றன. பவர் பேங்கைப் பிரித்தால் ஒரே ஒரு நல்ல செல்லும், மற்ற உருளைகளில் மணலும். வெளி ஹார்ட் டிஸ்க் என்று விற்ற பெட்டிக்குள், எடைக்காக ஒட்டிய இரும்பு நட்டுகளும் ஒரு சின்ன ஃப்ளாஷ் மெமரியும் கிடைத்த கதையும் உண்டு. அந்த மெமரி நிறைந்ததும், கணினிக்குத் தெரியாமல் பழைய தரவின் மேலேயே புதியதை எழுதும். கோப்புப் பெயர்கள் எல்லாம் பட்டியலில் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. இதற்கு நான் செய்யும் சோதனை எளியது: பிரிக்கும் முன் எடை போடுவது. 18650 எனப்படும் லித்தியம் செல் 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ளது; நல்லதென்றால் 45 கிராம் அளவில் இருக்கும், கொள்ளளவு பெரும்பாலும் 3500 மில்லி ஆம்பியர் மணிக்குள் அடங்கும். உறையில் 9900 என்று எழுதியிருந்து, தராசில் பாதி எடைதான் காட்டினால் அதைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. திறக்கவும் கூடாது, லித்தியம் செல்லைக் கிழித்தால் தீப்பிடிக்கும்.

எடைக்காக வைத்த இரும்பெல்லாம் மோசடி என்றும் எண்ண வேண்டாம். சுழற்றும் டயல் உள்ள பழைய மேசைத் தொலைபேசிகளில் அடியில் கனமான தகடு இருக்கும். எண்ணைச் சுழற்றும்போது கருவி மேசையில் நகராமல் இருக்க அது வேண்டும். கையில் கனமாகத் தெரிந்து விலை உயர்ந்தது என்று நம்ப வைப்பதைத் தவிர வேறு வேலை இல்லாத இரும்பைத்தான் நான் குறை சொல்கிறேன்.

செய்தவர்களே விட்டுச் சென்றவை

தயாரிப்பின்போதே ஒளித்து வைக்கப்பட்டவையும் உண்டு. 1984இல் வந்த ஆப்பிளின் முதல் மேக்கின்டாஷ் கணினியின் பின்மூடியின் உட்பக்கத்தில் அதை உருவாக்கிய குழுவினரின் கையெழுத்துகள் பிளாஸ்டிக்கிலேயே புடைத்திருக்கும். 1982 பிப்ரவரியில் ஒரு தாளில் எல்லோரும் கையெழுத்திட்டு, அதை வார்ப்பு அச்சில் பொறித்தார்கள். அந்த மூடியைத் திறக்கவே நீண்ட தண்டுள்ள தனி ஸ்க்ரூடிரைவர் வேண்டும். பெரும்பாலான வாடிக்கையாளர்கள் பார்க்கவே போவதில்லை என்று தெரிந்தே போட்ட கையெழுத்து. அதனால்தான் எனக்கு அது பிடிக்கும்.

இன்னும் நுண்ணியது டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனின் சிவேக்ஸ் சிப். பனிப்போர்க் காலத்தில் இந்தச் சிப்களைக் கிழக்கு நாடுகள் பிரித்துப் பார்த்து நகலெடுக்கின்றன என்று தெரிந்ததும், வடிவமைப்பாளர்கள் சிலிக்கனிலேயே ரஷ்ய எழுத்தில் ஒரு வரியைப் பொறித்தார்கள்: திருடுவதென்றால் மிகச் சிறந்ததைத் திருட அக்கறை காட்டுகிறீர்களே என்ற பொருளில். மேலுறையைக் கரைத்து நுண்ணோக்கியில் பார்ப்பவருக்கு மட்டுமே தெரியும். யாருக்காக எழுதினார்களோ அவர் மட்டுமே படிக்க முடிந்த கடிதம்.

பிரான்ஸில் ஆல்ப்ஸ் பகுதியிலுள்ள பிகொம்தால் மாளிகையில் மரத்தளத்தைப் பெயர்த்தபோது, பலகைகளின் அடிப்பக்கத்தில் பென்சில் எழுத்துகள் வெளிப்பட்டன. 1880, 1881ஆம் ஆண்டுகளில் அந்தத் தளத்தைப் போட்ட தச்சர் ஜொவாகிம் மார்த்தன் எழுதியவை, மொத்தம் 72 குறிப்புகள். ஊர் ரகசியங்கள், குற்றங்கள், தன் வாழ்க்கை, எல்லாம் இருக்கின்றன. தன்னைப் படிக்கப்போகிறவரை 'பாக்கியசாலியே' என்று விளித்து, 'நீ இதைப் படிக்கும்போது நான் இருக்கமாட்டேன்' என்கிறார். பலகை பெயர்க்கப்படும் காலம் எவ்வளவு தொலைவு என்று ஒரு தச்சருக்குத்தான் சரியாகத் தெரியும். அந்தக் கணக்கில்தான் அவ்வளவு துணிச்சலாக எழுதியிருக்கிறார்.

பூச்சிகள், சீடி பிளேயருக்குள் இரண்டாவது வட்டு, சோபாவுக்குள் சில்லறை, தையல் இயந்திரத்துக்குள் முறிந்த ஊசி: இவை எங்கும் கிடைப்பவை, நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பூச்சியைக்கூட எப்படிப் பதிவு செய்வது என்று ஹார்வர்டின் மார்க் 2 கணினிக் குழுவிடம் கற்கலாம். 1947 செப்டம்பர் 9 அன்று ரிலே (மின்விசையால் இயங்கும் சுவிட்ச்) ஒன்றில் அகப்பட்ட அந்துப்பூச்சியை எடுத்து, பணிப்பதிவேட்டில் டேப்பால் ஒட்டி, பக்கத்தில் நேரம், பேனல் எழுத்து, ரிலே எண் எல்லாவற்றையும் எழுதினார்கள். 15.45 மணி, பேனல் எஃப், ரிலே 70. அந்தப் பக்கம் இன்றும் ஸ்மித்சோனியனில் இருக்கிறது. பூச்சியை மட்டும் ஒட்டியிருந்தால் அது வெறும் பூச்சிதான்.

தொடக்கூடாதவை

பழைய கடிகார முகப்பிலும் அளவுமானிகளிலும் இருட்டில் ஒளிர்வதற்காகப் பூசிய ரேடியம் இருக்கலாம். இப்போது ஒளிரவில்லை என்பதால் வீரியம் போய்விட்டது என்று பொருளில்லை. ஒளியைத் தந்த துத்தநாக சல்பைடுதான் கெட்டுப்போயிருக்கும். ரேடியம்-226இன் அரையாயுள் ஏறக்குறைய 1600 ஆண்டுகள். அந்தப் பூச்சைச் சுரண்டுவதும் ஊதுவதும் கூடாது. தூள் உடலுக்குள் போவதுதான் ஆபத்து. 1960களுக்கு முந்தைய, பழுப்பேறிய ஒளிர்பூச்சு கண்ணில் பட்டால் நான் கண்ணாடியைத் திறப்பதே இல்லை. பழைய தெர்மோஸ்டாட்டுக்குள் கண்ணாடிக் குமிழில் உருளும் வெள்ளித் துளி பாதரசம். குமிழை உடையாமல் அப்படியே முழுதாக எடுத்து, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் சேர்க்க வேண்டும். பழைய இஸ்திரிப் பெட்டி, டோஸ்டர் இவற்றுக்குள் சாம்பல் நிறத்தில் நார்நாராக இருக்கும் அட்டை ஆஸ்பெஸ்டாஸாக இருக்கக்கூடும். இந்த ஒரு இடத்தில் மட்டும், படம் எடுத்துவிட்டு மூடிவிடுவதே சரியான வேலை.

யாருடையது?

மதிப்புள்ள பொருள் கிடைத்தால்? இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயரில் ஒரு பள்ளிக்குக் கொடையாக வந்த பியானோவை 2016இல் டியூன் செய்ய வந்தவர், கட்டைகளுக்கு அடியில் துணிப்பொட்டலங்களைக் கண்டார். உள்ளே 913 தங்க நாணயங்கள், ஆறு கிலோவுக்கு மேல். 1847 முதல் 1915 வரை அச்சிட்டவை. கண்டவர் அதைச் சொன்னார்; அதிகாரபூர்வ விசாரணை நடந்தது; ஒளித்து வைத்தவர் யார் என்று கண்டுபிடிக்க முடியாததால் 2017இல் அது புதையல் என்று அறிவிக்கப்பட்டது. பொட்டலங்கள் இருந்த இடமும், கட்டியிருந்த விதமும், அதோடு இருந்த சிறு அட்டைத் துண்டும்கூட அந்த விசாரணையில் சான்றுகளாயின. ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் வேறு. ஆனால் பழுதுபார்க்க வாங்கிய பொருளுக்குள் இருப்பது பழுதுபார்ப்பவருக்குச் சொந்தமில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முறிந்த ஊசியானாலும் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

மடிப்புக் கேமராவில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. பின்கதவைத் திறக்கும் முன் அதிலுள்ள சிறிய சிவப்புக் கண்ணாடித் துளையைப் பாருங்கள். அதில் எண்ணோ புள்ளிகளோ தெரிந்தால் உள்ளே ஃபிலிம் இருக்கிறது. அந்த எண் ஃபிலிமின் முதுகுத்தாளில் அச்சிட்டது. எனக்கு வந்ததில் 6 தெரிந்தது. மூடி துருப்பிடித்து இறுகியிருக்கிறது, திறந்து எண்ணெய் போட வேண்டும் என்பதுதான் வேலை. திறந்திருந்தால் மொத்தமும் வெளிச்சத்தில் போயிருக்கும்.

படம் எடுத்த ஃபிலிமில் கண்ணுக்குத் தெரியாத உருவம் ஏற்கெனவே பதிந்திருக்கும். கழுவும்வரை அது காத்திருக்கும், வயதாக ஆகப் புகைமூட்டம் கூடிக்கொண்டே போகும், ஆனாலும் முழுதாக மறைய வெகுகாலமாகும். சுவீடனின் ஆந்த்ரே குழு 1897இல் பலூனில் வட துருவத்தை நோக்கிப் போய் மறைந்தது. 1930இல் பனித்தீவொன்றில் அவர்களுடைய உடல்களோடு ஃபிலிமும் கிடைத்தது. 33 ஆண்டுகள் ஈரத்திலும் குளிரிலும் கிடந்த அந்தச் சுருள்களிலிருந்து 93 படங்களை மீட்டார்கள். அண்டார்டிகாவில் துருவப் பயணி ஸ்காட்டின் குடிலில் 2013இல் கிடைத்த, உறைந்து ஒட்டிப்போன 22 நெகடிவ்களும் ஏறக்குறைய நூறு ஆண்டுப் பழமையானவை.

முதலில் உரிமையாளரிடம் கேட்டேன். கேமரா அவர் தாத்தாவுடையது. ஃபிலிமைப் பற்றி வீட்டில் யாருக்கும் தெரியாது. கழுவச் சொன்னார். முழு இருட்டில், சாவியைத் திருகி ஃபிலிமைக் கடைசிவரை சுற்றிவிட்டு, அதன் பிறகே கதவைத் திறந்தேன். பல்லாண்டு ஒரே சுருளில் இருந்த ஃபிலிம் சுருண்டுகொள்ளும். கழுவும் டேங்கின் சக்கரத்தில் ஏற்றப் பொறுமை வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் உராய்வில் எழும் நிலைமின் பொறிகூடப் படத்தில் கோடாகப் பதியும். கறுப்பு வெள்ளை என்பதால் வீட்டிலேயே செய்ய முடிந்தது. புகைமூட்டத்தைக் குறைக்க டெவலப்பரில் பென்சோட்ரையசோல் சேர்த்து, நேரத்தைக் குறைத்து, அடர்த்தியான கரைசலில் கழுவினேன். முதலில் ஓர் அங்குலத்தை வெட்டிச் சோதித்த பிறகே மீதி.

ஃபிலிமில் சில படச்சட்டங்கள் வெறும் சாம்பல் நிறம். சிலவற்றில் முதுகுத்தாளின் எண்களே படத்தின் மேல் பதிந்திருந்தன. நெடுங்காலம் ஒட்டிக் கிடந்தால் மை ஃபிலிமில் ஏறிவிடும். மூன்றில் மனிதர்கள் தெரிந்தார்கள். அவர்களை நான் ஸ்கேன் செய்யவில்லை, யாருக்கும் காட்டவில்லை. நெகடிவ்களைத் தனித்தனி உறையில் போட்டு, ஃபிலிம் வகை, கேமராவின் வரிசை எண், சிவப்புத் துளையில் தெரிந்த எண், கழுவிய முறை எல்லாவற்றையும் பென்சிலால் எழுதினேன். பேனா மை காலப்போக்கில் ஊறும். முதுகுத்தாளையும் ஃபிலிம் சுற்றியிருந்த பழைய உருளையையும்கூட அதே பெட்டியில் வைத்துக் கேமராவோடு கொடுத்தேன். இப்படிக் கழுவும் வசதி இல்லாதவர்கள், சுருளை வெளிச்சம் புகாத உறையில் போட்டு, ஈரம் படாமல் மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டு, பழைய ஃபிலிம் கழுவத் தெரிந்தவரைத் தேடலாம். இவ்வளவு காலம் தாங்கிய சுருள் இன்னும் சில மாதம் தாங்கும்.